எஞ்சினைக் காக்கும் குளிர்நீர்மம்

இந்தியாவின் தட்பவெப்பம் இடத்திற்கு இடம் பெரிதும் வேறுபடும். ராஜஸ்தானின் பலோதி நகரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. லடாக்கின் லே நகரிலோ குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 15 டிகிரிக்கும் தாழ்ந்து செல்வதுண்டு. இவ்விரண்டு ஊர்களிலும் ஒரே வகை மகிழுந்துகள் ஓடுகின்றன. கடும் வெயிலில் கொதிக்காமலும் கடும் பனியில் உறையாமலும் அவற்றின் எஞ்சினைக் காப்பது, அதனுள் ஓடிக்கொண்டிருக்கும் குளிர்நீர்மம் ஆகும். வண்டிப் பட்டறைகளில் இதனைக் ‘கூலன்ட்’ என்பர்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

எஞ்சினின் உருளைகளுக்குள் எரிபொருள் எரியும்போது, அங்குள்ள வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரியையும் தாண்டுகிறது. எஞ்சினின் பல பகுதிகள் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆயினும் எஞ்சின் உருகுவதில்லை. உருளைகளைச் சுற்றியுள்ள வழிகளில் நீர்மம் இடைவிடாது ஓடி, உலோகத்தின் வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடுவதே அதற்குக் காரணம்.

வெப்பமடைந்த நீர்மத்தை ஒரு பம்பு ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் வழியே செல்லும் நீர்மம், எதிர்வரும் காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. வண்டி நிற்கும்போது விசிறி அந்தக் காற்றைத் தருகிறது. எஞ்சின் போதிய சூடு அடையும் வரை நீர்மத்தை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்க, தெர்மோஸ்டாட் என்னும் சிறு அடைப்பானும் உண்டு. எஞ்சின் மிகக் குளிர்ந்திருந்தாலும் நன்றாக இயங்காது.

தண்ணீர் மட்டும் போதாதா?

வெப்பத்தை எடுத்துச் செல்வதில் தண்ணீருக்கு இணையான நீர்மம் அரிது. எனினும் அதனிடம் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, அது சுழி டிகிரியில் உறைகிறது. உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிவதால், எஞ்சினின் உலோகச் சுவரையே பிளந்துவிடக்கூடும். இரண்டாவது, அது 100 டிகிரியில் கொதித்துவிடும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதிக்கும். மூன்றாவது, தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். கடினநீராயின் உப்புக் கறையையும் படியவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் வெண்ணிறப் படிவு ரேடியேட்டரின் குழாய்களிலும் படிந்தால் வழி அடைபடும்.

இக்குறைகளை நீக்கவே தண்ணீருடன் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளும் துருத்தடுப்புப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த நீர்மம், சுழிக்குக் கீழே சுமார் 37 டிகிரி வரை உறையாது. அழுத்தம் வெளியேறாதபடி மூடிய அமைப்பினுள் இருக்கும்போது அது 120 டிகிரியைத் தாண்டியே கொதிக்கும்.

கிளைக்காலை மேலும் மேலும் சேர்த்தால் பயன் மிகும் என எண்ணுவது தவறு. தூய கிளைக்கால் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். வெப்பத்தையும் தண்ணீரைவிடக் குறைவாகவே ஏற்கும். அளவோடு கலப்பதே பயன் தரும்.

தேர்ந்தெடுக்கும் முறை

கடைகளில் குளிர்நீர்மம் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் எனப் பல நிறங்களில் கிடைக்கிறது. நிறம் என்பது உற்பத்தியாளர் சேர்க்கும் சாயமே. ஒரே நிறமுடைய இரண்டு நீர்மங்கள் வெவ்வேறு வகையாகவும் இருக்கலாம். வகையை வேறுபடுத்துவது அதிலுள்ள துருத்தடுப்புப் பொருளே. சிலிக்கேட் முதலிய கனிம உப்புகள் கொண்ட பழைய வகையைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டும். கரிம அமிலங்கள் கொண்ட புதிய வகை ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கும். பொருந்தா வகைகளைக் கலந்தால் துருத்தடுக்கும் ஆற்றல் குன்றும். சில வேளைகளில் கூழ்போன்ற பொருள் உண்டாகிக் குழாய்களை அடைக்கும். ஆதலால் வண்டியுடன் வரும் கையேடு குறிப்பிடும் வகையையே வாங்க வேண்டும்.

புட்டியின் மேலுள்ள எழுத்துகளையும் படித்தறிய வேண்டும். முன்பே கலந்து வருவதை அப்படியே ஊற்றலாம்; அதில் மேலும் தண்ணீர் சேர்த்தல் கூடாது. செறிவான நீர்மத்தை உப்பு நீக்கிய தண்ணீருடன் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

மாற்றும் முறை

துணைத்தொட்டியில் மேல்கோடு, கீழ்க்கோடு என இரண்டு குறிகள் இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர்மம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். அடிக்கடி அளவு குறைந்தால் எங்கோ கசிவு உள்ளது என்பது பொருள். நீர்மம் பழுப்பாகிக் கலங்கியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

மாற்றும்போது பட்டறைப் பணியாளர் பழைய நீர்மத்தை வடித்து, உள்வழிகளைத் தூய நீரால் அலசுவார். பின் புதியதை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவார். காற்று வெளியேறியபின் மட்டம் தாழும். எஞ்சின் ஆறியதும் குறைந்த அளவை நிரப்புவார்.

எச்சரிக்கை

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. உள்ளிருக்கும் நீர்மம் அழுத்தத்தினால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்ததும் அழுத்தம் நீங்கி, அது அக்கணமே ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும். வண்டியின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால், வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, அது முற்றும் ஆறும் வரை காத்திருத்தல் வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிப்புறலாம்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே ஊறு செய்யும். தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிவிடக்கூடும். உடனே துடைத்துவிட வேண்டும். இதனைக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைத்தலும், சாக்கடையில் கொட்டுதலும் கூடா. பழைய நீர்மத்தை மூடிய கலத்தில் இட்டு, முறையாக அகற்றும் பட்டறையிடம் ஒப்படைத்தலே தக்கது.

சொற்பொருள்

சுழி – பூச்சியம்
செறிவான – அடர்த்தி மிகுந்த
ஊறு – தீங்கு
கலம் – பாத்திரம்

பயிற்சி

1. தண்ணீரை மட்டும் எஞ்சினில் ஊற்றுவதால் வரும் மூன்று குறைகள் யாவை?
2. நீர்மத்தின் நிறத்தைக் கொண்டு அதன் வகையை ஏன் முடிவு செய்தல் கூடாது?
3. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் நிகழ்வது என்ன? காரணம் கூறுக.
4. தண்ணீர் = தண்மை + நீர். இவ்வாறே ‘வெந்நீர்’, ‘செந்நீர்’ ஆகியவற்றைப் பிரித்து எழுதுக.