வாசற்படியில் மயங்கி விழும் கணினி

பரண்மேல் ஏறிவிட்ட சாமான்களின் ஜாபிதாவில் இக்காலத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஓட்டை விழுந்த அண்டாவுக்கும் கால் ஒடிந்த நாற்காலிக்கும் நடுவில், துணிப்பையில் சுற்றி வைத்த ஒரு லேப்டாப். "இது ஏன் இங்கே?" என்று விசாரித்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாஸ்வேர்டு போடுகிற வரைக்கும் நன்றாக வருகிறது. போட்ட உடனே விழுந்துவிடுகிறது."

புதுக்கோட்டை ஜில்லாவுக்கு இந்த யந்திரங்கள் எவ்விதம் வந்து சேர்ந்தன என்பதை நேயர்களுக்கு அதிகமாக விளக்க வேண்டியதில்லை. 2011-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய திட்டத்தின்படி, எல்காட் நிறுவனத்தின் மூலம் வாங்கப்பட்ட லேப்டாப்புகள், சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இலவசமாக வழங்கப்பட்டன. பத்து வருஷ காலத்தில் தமிழ்நாடு முழுவதிலும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவை இவ்வாறு வீடுகளுக்குள் போயின. கறம்பக்குடியிலும் பொன்னமராவதியிலும் திருமயத்திலும் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி அதுவே. அன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய பெண் இன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ உத்தியோகம் பார்க்கிறாள். யந்திரம் மாத்திரம் அப்பா அம்மாவிடம் தங்கிவிட்டது. அதற்குள் கல்லூரிப் படங்கள், அக்காள் கலியாணத்து வீடியோ, காலமான தாத்தா ஒரு கோடை மத்தியானத்தில் சொன்ன கதை, அவருடைய குரலிலேயே, எல்லாம் இருக்கின்றன. வேறு பிரதி எங்கும் கிடையாது. யந்திரத்தின் விலையைப் பற்றி நாம் இங்கே கவலைப்படவில்லை; அந்தத் தாத்தாவின் குரலைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

ஏனென்றால், யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் நடக்கும் சம்பாஷணை அநேகமாக இவ்வாறு இருக்கும்.

"பார்மட் பண்ணிடலாம்மா. சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க."

"உள்ள இருக்கறதெல்லாம் போயிடுமா தம்பி?"

"சி டிரைவுல இருக்கறது போயிடும்மா. மத்ததுக்குப் பயமில்லை."

மேசைத் திரையில் தெரியும் படங்களும், 'டாக்குமெண்ட்ஸ்' என்ற பெயருள்ள பெட்டியும், சாதாரணமாக அந்த சி டிரைவிலேயே இருக்கின்றன என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது. கடைக்காரர் பேரில் நாம் குற்றம் சொல்லவில்லை. எந்தக் கோளாறாயிருந்தாலும் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது அவருக்கு இரண்டு மணி நேர வேலை. இன்ன கோளாறு என்று தேடுவதோ ஒரு நாள் வேலை. ஆனால் வீட்டுக்காரர்களுக்கு அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக முடிந்துவிடுகிறது.

பாஸ்வேர்டு போட்ட அந்த க்ஷணத்தில் யந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் ஆனாற்போலத்தான். அதுவரையில் யந்திரம் தன்னை மாத்திரம் எழுப்பிக்கொண்டு வாசலில் நிற்கிறது. பாஸ்வேர்டு சரியாக விழுந்ததும், அது நம்முடைய கணக்குக்குரிய குறிப்புகளைத் திறந்து படிக்க வேண்டும். மேசைத் திரையை விரிக்க வேண்டும். படம் காட்டும் சில்லை முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். இவை போதாதென்று, பல வருஷங்களாக "கணினி திறக்கும்போது என்னையும் எழுப்பு" என்று பெயர் கொடுத்துவிட்டுப் போன புரோகிராம்கள் அத்தனையையும் ஒருங்கே எழுப்ப வேண்டும். கலியாண வீட்டில் முகூர்த்த நேரம் போல எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுகிற சமயம் அது. பலவீனமான அங்கம் எதுவோ அது அப்பொழுதுதான் கைவிடும். ஆகையால், விழுகிற இடம் ஒன்றாயிருந்தாலும் விழுகிற காரணம் ஒன்றல்ல.

காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு முதல் வழி, அது விழும் விதத்தைக் கவனிப்பது. விளக்கை அணைத்தாற்போலச் சட்டென்று முழுவதும் இருண்டுவிட்டால், உஷ்ணத்தையோ மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். நீலத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் தோன்றினால், நினைவகம், ஹார்டு டிஸ்க், அல்லது ஏதாவது சில்லை இயக்கும் டிரைவர் புரோகிராம் கெட்டிருக்கிறது. அந்த எழுத்துக்கள் மறைவதற்குள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பிற்பாடு யாரிடம் கேட்டாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். திரை கறுத்து, அம்புக்குறி மாத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தால், படச்சில்லின் டிரைவரிலோ மேசைத் திரையை விரிக்கும் புரோகிராமிலோ கோளாறு. ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட்டால், கணக்குக் குறிப்புகள் கெட்டுப்போயிருக்கலாம். அல்லது டிஸ்கில் எள் விழ இடமில்லாமல் நிரம்பியிருக்கலாம்.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது. இதற்குக் காலணாச் செலவு கிடையாது. பாஸ்வேர்டு போடாமலே, அது கேட்கும் இடத்தில் யந்திரத்தை அரை மணி நேரம் சும்மா விட்டுவைப்பது. அப்பொழுதும் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் உடம்பில். கூடவே எழுந்திருக்கும் புரோகிராம்களைக் கிண்டுவதில் அதிகப் பிரயோசனமில்லை. விழாமல் நின்றால், பாஸ்வேர்டுக்குப் பின்னால் வருகிற ஏதோ ஒன்றின் பேரில் சந்தேகம் பலமாகிறது. தீர்ப்பு என்று சொல்ல முடியாது. சும்மா நிற்கும்போது தாங்குகிற உடம்பு, சுமை ஏறியதும் தாங்காமல் போவதும் உண்டல்லவா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மேற்படி இலவச லேப்டாப்புகளின் ஆரம்பகால மாதிரிகளில் விண்டோஸ் 7 என்பதோடு கூட, பாஸ் லினக்ஸ் என்ற மற்றொரு இயங்குதளமும் அமைந்திருந்தது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். மத்திய சர்க்காரைச் சேர்ந்த ஸி-டாக் ஸ்தாபனத்தினர், டெபியன் என்ற இலவச லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட சரக்கு இது. யந்திரத்தைத் திறந்தவுடன் எதற்குள் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் தோன்றும். பிள்ளைகளில் அநேகர் அதைப் பொருட்படுத்தவேயில்லை. சிலர் இடத்தை அடைக்கிறதென்று அழித்தும் விட்டார்கள். ஆனால் அழிக்காமல் விட்டிருந்த வீட்டில் இப்பொழுது நடக்கும் வேடிக்கையைப் பாருங்கள்: விண்டோஸின் வாசல் அடைபட்டுவிட்டது, பக்கத்திலேயே பாஸ் என்ற வாசல் திறந்திருக்கிறது. அதன் வழியாக உள்ளே போனால் விண்டோஸ் குடியிருக்கும் அறைகள் யாவும் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியும். தாத்தாவின் குரலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். சுதேசிச் சரக்கு என்ற அபிமானத்தினால் இதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் இருப்பதன் சௌகரியத்தையே சொல்லுகிறோம்.

இதிலிருந்து மற்றொரு விஷயமும் விளங்குகிறது. பக்கத்து வாசல் வழியாகப் போகிறவனை விண்டோஸின் பாஸ்வேர்டு தடுப்பதில்லை. பாஸ்வேர்டு இருக்கிறதே என்ற தைரியத்தில் பழைய லேப்டாப்பை அப்படியே விற்றுவிடுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

பாஸ் அழிந்துபோயிருந்தால், சிநேகிதர் வீட்டுக் கணினியில் ஒரு 8 ஜி.பி. பென் டிரைவை வைத்து, லினக்ஸ் மிண்ட், டெபியன் முதலியவற்றில் இலேசான பதிப்பு ஒன்றை அதில் எழுதிக்கொள்ளலாம். பிறகு நோயாளி யந்திரத்தில் அதைச் செருகித் திறக்க வேண்டும். திறக்கும்போது லெனோவோவில் எப் 12 என்ற பொத்தானையும், எச்.பி.யில் எப் 9 என்ற பொத்தானையும் தட்டினால், எதிலிருந்து எழுந்திருப்பது என்று யந்திரம் கேட்கும். பென் டிரைவைக் காட்டி, "நிறுவாமல் ஓட்டிப் பார்" என்று சொல்லிவிட்டால் டிஸ்கில் ஒரு துளியும் மாறாது. இதில் இரட்டை லாபம். பென் டிரைவிலிருந்து எழுந்த யந்திரம் ஒரு மணி நேரம் படங்களைக் காட்டிக்கொண்டு சௌக்கியமாக ஓடினால், உடம்பு நன்றாயிருக்கிறது, கோளாறு டிஸ்கிலோ விண்டோஸிலோ என்று ஏற்பட்டுவிடும். அதே சமயத்தில் வேண்டியவற்றையும் வெளியே எடுத்துவிடலாம்.

எடுத்த பிறகுதான் வைத்தியம். இதில் மாத்திரம் நாம் பிடிவாதக்காரர். டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்று ஓசை வந்தால் அதற்கு ஆயுள் அதிகமில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் 'செக் டிஸ்க்' முதலிய பரிசோதனைகளை ஓட்டுவது, மூச்சு வாங்குகிறவரை மலைக்கோயில் படி ஏறச் சொல்லுவதற்கு ஒப்பாகும்.

விண்டோஸைக் குணப்படுத்த 'ஸேப் மோட்' என்ற பத்திய முறை இருக்கிறது. விண்டோஸ் 7-இல், பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தவுடன் எப் 8 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் இது கிடைக்கும். விண்டோஸ் 10-இல் பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே ஷிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். பத்தியத்தில் இருக்கும்போது யந்திரம் அத்தியாவசியமானவற்றை மாத்திரம் எழுப்பும். அப்பொழுது விழாமல் உள்ளே போய்விட்டால், குற்றவாளி எழுப்பப்படாமல் விட்டவர்களில் ஒருவன். 'எம்.எஸ். கான்பிக்' என்பதைத் திறந்து, கூடவே எழுந்திருக்கும் புரோகிராம்களில் பாதியை நிறுத்திப் பார்க்க வேண்டும். சரியானால், நிறுத்திய பாதியில் திருடன் இருக்கிறான். இல்லாவிட்டால் மற்றப் பாதியில். பதினாறு பேர் இருந்தாலும் நான்கே தடவையில் அகப்படுவான். ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதிலேயே கழிக்க நேரிடும். புரோகிராம்களில் குற்றமில்லையென்றால் படச்சில்லின் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம். கணக்குக் குறிப்புகள் கெட்டதென்று தோன்றினால், பத்தியத்தில் இருந்தபடியே வேறு பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கி நுழைந்து பார்ப்பது போதும். புதிய கணக்கு சுகமாக நுழைந்தால் பழையதன் பெட்டியிலுள்ளவற்றை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

லினக்ஸே வாசலில் திருப்பி அனுப்பினால், கண்ட்ரோல், ஆல்ட், எப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அதில் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, டி, எப் என்ற இரண்டெழுத்துக் கட்டளையைச் சிறிய எழுத்தில் அடித்தால், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறதென்று தெரிந்துவிடும். நூறு சதவிகிதம் என்று இருந்தால், இறக்கிப் போட்டுவைத்த சினிமாக்களில் இரண்டை அழித்தால் போதும்.

உடம்புக் கோளாறு என்று ஏற்பட்டவர்களுக்குப் புதுக்கோட்டையின் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த பூமி. சித்திரை வைகாசியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மாலைக்குள் மேஜைமேல் விரலால் பெயர் எழுதலாம். அந்தப் புழுதி லேப்டாப்பின் விசிறிக்குள் பஞ்சுபோல் அடைந்து, காற்றுப் போகும் வழியை மூடிவிடுகிறது. உஷ்ணம் எல்லை மீறினால் யந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அடிமூடியைத் திருகிக் கழற்றி, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குமுன் மின்சாரத்தையும் பாட்டரியையும் பிரித்துவிடுவது அவசியம். மூடி திறந்திருக்கும்போதே நினைவகச் சில்லையும் ஒரு தடவை கழற்றி அழுத்திப் பொருத்தினால், சில யந்திரங்கள் அத்துடன் பிழைத்துக்கொள்கின்றன.

பாட்டரி செத்துப்போய், சுவரிலிருந்து வரும் வயரை நம்பியே ஓடும் லேப்டாப்புகள் விஷயம் வேறு. கரண்டு போகும்போதெல்லாம் அவை எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே பேனாவைப் பிடுங்கினாற்போல நின்றுவிடுகின்றன. கணக்குக் குறிப்புகள் கெட்டுப்போவதற்கு இது பெரிய காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஜில்லாவில் கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு, மின்சாரம் ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கையைக் கணினியின் பேரில் வைக்கச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. புதிய பாட்டரியோ ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸோ வாங்கிவைப்பதே மேல்.

1991-இல் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்ட ஜில்லா இது. செயின் கழன்றது என்பதற்காகச் சைக்கிளை யாரும் பரணில் ஏற்றிவிடவில்லை.

பிழைத்தெழுந்த யந்திரத்தில் விண்டோஸ் 7 இருந்தால், அதில் பாங்கிக் கணக்குப் பார்ப்பதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோய்விட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கடிதம் எழுதவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஜி.பி. நினைவகத்தை வைத்துக்கொண்டு அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை.

எல்லாம் செய்தும் எழுந்திருக்கவில்லையென்றால், அடிமூடியைத் திறந்து ஹார்டு டிஸ்கை மாத்திரம் தனியே எடுக்க வேண்டியது. உள்ளங்கையளவுதான் இருக்கும். அதைப் போட்டு யு.எஸ்.பி. வயரில் இணைப்பதற்கென்றே சிறிய உறைப்பெட்டிகள் கணினிச் சாமான் கடைகளில் கிடைக்கின்றன. விலை சில நூறு ரூபாய். வேறொரு கணினியில் செருகி, 'யூஸர்ஸ்' என்ற பெட்டியைத் திறந்து, அதற்குள் மகளின் பெயருள்ள பெட்டியைத் திறந்தால், தாத்தா பேசிய கோப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.