காமிராவும் கையுமாக ஒரு பிழைப்பு!

அலங்காநல்லூர். வாடிவாசல் திறக்கிறது. காளை சீறிக்கொண்டு வெளியே பாய்கிறது. அதன் திமிலைப் பிடித்துத் தொங்குகிறான் ஒரு வாலிபன். ஒரே ஆரவாரம்!

கூட்டம் முழுவதும் காளையைப் பார்க்கிறது. ஆனால், மேடையின் ஓரத்தில் நிற்கும் சிலர் மட்டும் காளையை நேராகப் பார்ப்பதில்லை. காமிராவில் உள்ள சின்னத் திரையில் பார்க்கிறார்கள். சில விநாடிகளில் அதே காளை சென்னையில் தெரிகிறது. சிங்கப்பூரில் உள்ள தமிழர் வீட்டிலும் தெரிகிறது!

இவர்கள்தான் வீடியோ நிருபர்கள்.

"என் மகன் டி.வி.யில் வேலை பார்க்கிறான்" என்று ஒரு தாய் பெருமையாகச் சொல்லுகிறாள். "அப்படியா! மாதச் சம்பளம் எவ்வளவு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள். தாய் பேச்சை மாற்றிவிடுகிறாள்! மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பல வீடுகளில் இதுதான் கதை.

இந்த வேலை எப்படிப்பட்டது? இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? பிள்ளையை இதற்கு அனுப்பலாமா?

<b>ஒருவரே எல்லாம்!</b>

முன்பெல்லாம் ஒரு செய்திக்குக் குறைந்தது 2 பேர் போவார்கள். கேள்வி கேட்க நிருபர். படம் பிடிக்கக் காமிராக்காரர். வெட்டி ஒட்டும் வேலைக்கு ஆபீசில் தனி ஆள் இருப்பார். வீடியோ நிருபர் என்பவர் இத்தனை வேலையையும் ஒருவராகவே செய்கிறவர். படம் பிடிப்பார். பேட்டி எடுப்பார். வேண்டாததை வெட்டுவார். செய்தியை எழுதுவார். அனுப்பியும் வைப்பார்.

ஓர் உதாரணம் பாருங்கள். மதுரை மல்லிகை உலகப் புகழ் பெற்றது. 2013-ம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முகூர்த்த நாள் நெருங்கினால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறிவிடும். இது செய்தி. டி.வி.யில் ஒரு நிமிஷம்தான் ஓடும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு என்ன பாடு!

விடியும் முன்பே மார்க்கெட்டுக்குப் போய்விட வேண்டும். முதலில் மார்க்கெட் முழுவதும் தெரிவதுபோல் ஒரு காட்சி. பிறகு ஒரு கடை. பிறகு தராசு. பூவை அள்ளிப் போடும் கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரரின் முகம். வாங்க வந்த பெண் விலையைக் கேட்டதும் அவள் முகம் போகும் போக்கு. ஒவ்வொரு காட்சியிலும் மனசுக்குள் 10 எண்ணும் வரை காமிரா அசையக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிப்பதுபோலக் காமிராவை மேலும் கீழும் ஆட்டுகிறார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

படத்தைவிடச் சத்தம் முக்கியம் என்று அனுபவசாலிகள் சொல்லுவார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு காதில் விழாவிட்டால் பொறுக்க மாட்டார்கள். அதனால் விவரம் தெரிந்தவர் முதல் பணத்தைக் காமிராவுக்குப் போடுவதில்லை. சட்டையில் குத்தும் சின்ன மைக்குக்குப் போடுகிறார். காமிராவுக்குச் செல்போனே போதும்!

<b>சம்பளம் என்ன?</b>

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. 1993-ல் தனியார் தமிழ் டி.வி. வந்தது. பிறகு 24 மணி நேரமும் செய்தி மட்டுமே சொல்லும் டி.வி.க்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 24 மணி நேரத்தையும் எதைக் கொண்டு நிரப்புவது? மாவட்டந்தோறும் ஆள் வேண்டியிருந்தது. மதுரைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது அப்படித்தான்.

திறந்த கதவு குறுகலானது. மாதச் சம்பளக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் "ஸ்ட்ரிங்கர்" எனப்படுபவர்கள். இவர்களுக்குச் செய்திக் கணக்கில் கூலி. ஒளிபரப்பான செய்திக்கு மட்டும்தான் பணம் என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. காமிரா சொந்தம். மோட்டார் சைக்கிள் சொந்தம். பெட்ரோலும் பெரும்பாலும் சொந்தம்! மேலூரில் விபத்து என்றால் ஓட வேண்டும். திரும்பி வருவதற்குள் உசிலம்பட்டியில் மறியல் என்பார்கள். அங்கும் ஓட வேண்டும்.

அதனால் பலர் கலியாண வீடியோவும் எடுக்கிறார்கள். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. தாலி கட்டும் நேரத்தை இரண்டாவது தடவை நடத்தச் சொல்ல முடியுமா? முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நேரமும் அப்படித்தான். கலியாண வீட்டில் கை பழகியவர் வைகைக் கரையில் தடுமாற மாட்டார்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. பத்திரிகைக்காரர்களின் உரிமைக்காக 1955-ல் ஒரு சட்டம் வந்தது. ஆசிரியர், நிருபர், பத்திரிகைப் போட்டோக்காரர், கார்ட்டூன் போடுகிறவர், புரூப் திருத்துகிறவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். டி.வி. காமிராக்காரர் இல்லை! அந்தக் காலத்தில் இங்கே டி.வி.யே கிடையாது அல்லவா? மின்னணு ஊடகங்களில் வேலை பார்ப்பவர்களையும் சேர்த்துச் சட்டம் எழுத 2020-ம் ஆண்டு ஆகிவிட்டது. ஆகவே வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேட்டு வாங்குவது நல்லது. "அதெல்லாம் எதற்குத் தம்பி? நாம் ஒரு குடும்பம் மாதிரி" என்று சொல்லும் இடத்தில் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

சொந்தமாக யூடியூப் சேனல் நடத்துகிறவர்களும் பெருகிவிட்டார்கள். விளம்பரப் பங்கு கிடைக்க வேண்டுமானால், 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். ஓர் ஆண்டுக்குள் 4,000 மணி நேரம் ஜனங்கள் அந்த வீடியோக்களைப் பார்த்திருக்க வேண்டும். (சின்னச் சின்ன வீடியோக்களுக்குத் தனிக் கணக்கு.) அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் பொய்த் தலைப்புப் போடத் தொடங்குகிறார்கள். வண்டியில் "பிரஸ்" என்று எழுதிக்கொண்டு கடைக்காரரை மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் ஒழுங்காக உழைக்கிறவர்களுக்கும் கெட்ட பெயர்.

<b>படிப்பு</b>

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கலாம். பாடங்களை வீடியோவாகத் தயாரிக்கும் மையம் ஒன்றும் அங்கே இருக்கிறது. அமெரிக்கன் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் பாடம் உண்டு. ஒளிப்பதிவை முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்குச் சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது.

பட்டம் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால், வேலை கேட்டுப் போகும் இடத்தில் "நீ எடுத்ததைக் காட்டு" என்பார்கள். அப்போது காட்டுவதற்கு நாலு படமாவது இருக்க வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் முகம், பெயர், வீடு, பள்ளிக்கூடம் எதையும் காட்டக் கூடாது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது குற்றம். அவசரத்தில் தெருவைக் காட்டினாலும் வீடு தெரிந்துவிடும் அல்லவா? மாட்டிக்கொண்டவர் "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று தப்ப முடியாது.

<b>கோட்டையூர்க்காரர்</b>

கூப்பிட்டு வேலை கொடுக்க ஆள் இல்லாத காலத்திலேயே இந்தத் துறையில் இறங்கி உலகத்தைச் சுற்றிய ஒருவர் உண்டு. அவர் பெயர் ஏ.கே.செட்டியார். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர்.

இளம் வயதிலேயே பர்மாவுக்குப் போனார். ரங்கூனில் "தனவணிகன்" பத்திரிகையை நடத்தினார். பிறகு ஜப்பானுக்குப் போய்ப் போட்டோக் கலை கற்றார். அமெரிக்காவிலும் கற்றார். 1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. காந்தியடிகளின் பிறந்த நாள். நியூயார்க்கில் இருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார் செட்டியார். அப்போது அவர் மனசில் ஒரு யோசனை உதித்தது: காந்தியைப் பற்றி ஒரு படம் எடுத்தால் என்ன? நடிகர்களை வைத்து அல்ல. உண்மைக் காட்சிகளை வைத்து!

காந்தி போன இடங்களில் எல்லாம் யாராவது படம் பிடித்திருப்பார்கள். அந்தப் பிலிம் துண்டுகள் எங்கே? தென் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று தேடி அலைந்தார். சுமார் 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 100 காமிராக்காரர்கள் எடுத்த காட்சிகள், 50,000 அடி பிலிம் சேர்ந்தது. அதில் இருந்து 12,000 அடியில் படத்தைத் தொகுத்தார். பேசும் படத்தில் 90 அடி பிலிம் ஒரு நிமிஷம் ஓடும். அப்படியானால் 2 மணி நேரத்துக்கு மேல்! 1940 ஆகஸ்டில் தமிழில் படம் வெளிவந்தது. அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. உலகப் போர் வேறு. செட்டியாருக்கு வயது 28.

பிலிமைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் இல்லாவிட்டால் அந்தப் படமே இல்லை. இன்று வேலை முடிந்ததும் மெமரி கார்டை அழித்துவிடுகிறார்கள். 10 ஆண்டுக்கு முன்பு எடுத்த வைகை வெள்ளக் காட்சியை இப்போது விலை கொடுத்து வாங்க ஆள் வரலாம். தேதியும் இடமும் எழுதிச் சேமித்து வைத்தவருக்கு அது சொத்து.

<b>மதுரையின் மூவர்</b>

செட்டியார் கடல் தாண்டிப் போய்ப் படம் தேடினார். மதுரையைச் சேர்ந்த ஆர்.பி.அமுதன் சொந்த ஊர்த் தெருவிலேயே தேடினார். மதுரையில் ஒரு தெருவில் நாள்தோறும் மலம் அள்ளும் பெண் தொழிலாளியைப் பின்தொடர்ந்து 2003-ல் ஒரு படம் எடுத்தார். படத்தின் பெயர் "பீ." பெயரைச் சொல்லவே பலர் கூசுவார்கள். சொல்லக் கூசும் பொருளை ஒரு பெண் தினமும் கையால் அள்ளுகிறாளே என்று அந்தப் படம் கேட்டது. இவரே மதுரையில் 1998 முதல் ஆவணப் பட விழாவும் நடத்தி வந்திருக்கிறார். படம் எடுத்துவிட்டு எங்கே காட்டுவது என்று தவித்த பிள்ளைகளுக்கு அந்த விழா ஒரு வாசல்.

2013-ல் மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் புதிய சட்டம் வந்தது. ஆனால் 2015-ல் மதுரையில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய 2 தொழிலாளர்கள் மாண்டார்கள். நியாயம் கேட்டுப் போராடியவர்களில் திவ்ய பாரதி என்ற இளம் பெண்ணும் ஒருவர். சட்டம் இருக்கும்போது சாவு எப்படி வந்தது? அவர் காமிராவோடு பல மாவட்டங்களுக்குப் போனார். துப்புரவுத் தொழிலாளர்களைப் பேச வைத்தார். 2017-ல் "கக்கூஸ்" படம் வந்தது. சில இடங்களில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை. யூடியூபில் விட்டார். லட்சக் கணக்கானோர் பார்த்தார்கள். மிரட்டல்கள் வந்தன. அதே ஆண்டு ஜூலையில் 2009-ம் ஆண்டின் பழைய போராட்ட வழக்கு ஒன்றில் அவர் கைது செய்யப்பட்டு, ஜாமீனில் வெளியே வந்தார். மகளை இந்த வேலைக்கு அனுப்பும் பெற்றோர் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் படத்துக்குக் காமிரா பிடித்தவர் எம்.பழனிக்குமார். மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தாய் மீன் விற்றவர். வீட்டில் யாரும் பத்திரிகைக்காரர் இல்லை. சிபாரிசும் இல்லை. பி.சாய்நாத் 2014-ல் தொடங்கிய "பாரி" என்ற கிராமப்புறச் செய்தித் தளத்தில் இவருடைய படங்கள் வரலாயின. ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், தூத்துக்குடி உப்பளத்துப் பெண்கள், கொரோனாக் காலத்தில் வேலை இழந்த மதுரைத் திருநங்கைக் கலைஞர்கள் இவர்களை எல்லாம் படம் பிடித்தார். 2020-லும் 2021-லும் உதவித் தொகைகள் கிடைத்தன. 2022-ல் புகழ் பெற்ற போட்டோக் கலைஞர் தயானிதா சிங் பாரியுடன் சேர்ந்து ஏற்படுத்திய விருது முதன்முதலாக இவருக்கே கிடைத்தது. பாரியிலேயே நிலையான போட்டோக்காரர் வேலையும் கிடைத்தது.

இப்போது பழனிக்குமார் வேறொரு வேலையும் செய்கிறார். துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் காமிராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லித் தருகிறார். தாய் வேலைக்குப் புறப்படுவதையும் திரும்பி வருவதையும் பிள்ளைகளே எடுக்கிறார்கள்.