8 வினாடியில் கைநழுவிய பைனல்! தமிழ்நாடு ஆக்கி அணிக்கு நடந்தது என்ன?

7 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இந்திய ஆக்கி லீக் போட்டி 2024 டிசம்பர் 28-ந்தேதி ஒடிசா மாநிலம் ரூர்கேலாவில் மறுபடியும் களைகட்டியது. அரியலூர் வீரர் கார்த்தி செல்வம் ஆடிய தமிழ்நாடு டிராகன்ஸ் உள்பட 8 ஆண்கள் அணிகள் மல்லுக்கட்டின.

ஒவ்வொரு அணிக்கும் லீக்கில் 10 ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி. டிராவில் முடிந்தால் 'சூட்-அவுட்'. அதில் ஜெயித்தால் 2 புள்ளி, தோத்தாலும் 1 புள்ளி உண்டு. ஒரு நாள் சறுக்கினாலும் மறுநாள் சரிக்கட்டி விடலாம்.

ஆனால் அரைஇறுதி அப்படி இல்லை. அன்று தோத்தால் கோப்பை கனவு அவ்வளவுதான்!

சூட்-அவுட் என்றால் என்ன? 23 மீட்டர் கோட்டில் இருந்து ஒரு வீரர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவார். எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். 8 வினாடிக்குள் கோல் போட வேண்டும். லேட் ஆனால் போச்சு.

இதில்தான் டிராகன்சுக்கு அடி விழுந்தது. பெங்கால் டைகர்சுடன் அரைஇறுதியில் 2-2 என சமநிலை. சூட்-அவுட்டில் பெங்கால் முந்தியது. அடுத்து 3-வது இடத்துக்கான ஆட்டத்திலும் சூர்மா அணியிடம் 1-2 என தோல்வி. அந்த இடத்துக்கான ரூ.1 கோடியும் கைநழுவியது.

2025 பிப்ரவரி 1-ந்தேதி பைனலில் ஐதராபாத் தூபான்சை 4-3 என சாய்த்த பெங்கால், கோப்பையுடன் ரூ.3 கோடியையும் அள்ளிச் சென்றது. மூன்று கோல் போட்டு அசத்தியவர் ஜுக்ராஜ் சிங்.

புள்ளிப் பட்டியலில் 1 புள்ளி தந்த அதே சூட்-அவுட் தோல்வி, அரைஇறுதியில் பைனலையே பறித்து விட்டது!