சம்பள நாளும் சீசனும்: மலையகச் சிறுநகரங்களின் கடைவீதிகள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் தேயிலைச் சரிவுகளுக்கிடையே அமைந்துள்ள ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, கந்தப்பளை, இராகலை ஆகிய சிறுநகரங்கள் தோட்டங்களின் தேவையையொட்டித் தோன்றி, தோட்டங்களோடு சேர்ந்தே வளர்ந்தவை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இரு பத்தாண்டுகளில் கோப்பிச் செய்கையை அடியோடு அழித்ததும், 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்து சேர்ந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால், காடும் கோப்பித் தோட்டமுமாக இருந்த மலைகள் ஒரு தலைமுறைக்குள் பச்சைப் பாத்திகளாக மாறின. தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரே அம்மாற்றத்தைத் தம் உடலுழைப்பால் நிகழ்த்தினர். இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் பயணிகள் தேடிவரும் காட்சி, அவர்கள் கைபட்டு உருவான காட்சியே. அக்காட்சியால் பெருகும் வருமானத்தில் அருகிலுள்ள கடைவீதிக்கும் லயத்துக்கும், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளுக்கும், சேர்வது எவ்வளவு என்ற கேள்வியோடுதான் இந்நகரங்களைப் பார்க்க வேண்டியுள்ளது.

இந்நகரங்களின் வணிகத்துக்கு இரண்டு நாட்காட்டிகள் உண்டு. முதலாவது தோட்டத்தின் நாட்காட்டி. மாதச் சம்பளம் வழங்கப்படும் நாட்களிலும், தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரத்திலும், பொங்கலுக்கும் தோட்டக் கோயில் திருவிழாக்களுக்கும் முந்திய நாட்களிலும் ஹட்டன் கடைவீதி நிரம்பி வழியும். துணிக்கடை, நகைக்கடை, அடகுக்கடை, பாத்திரக்கடை, மளிகைக்கடை ஆகிய அனைத்தும் அந்நாட்களை நம்பியே சரக்கு எடுக்கின்றன. கொழுந்துக் கூடை, தேயிலைச் செடியை வெட்டிச் சீர்ப்படுத்தும் கவ்வாத்துக் கத்தி, புல் அகற்றும் சுரண்டி, ஈரச் செடிகளுக்கிடையே நிற்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கு, தலையில் போடும் கம்பளி ஆகிய பொருட்கள் பயணியின் கண்ணில் படாமலே விற்பனையாகின்றன. ஹோட்டல் என்று பெயர் பெற்ற சிறு சாப்பாட்டுக் கடைகளில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும், பால் சேராத பிளேன்டீயும் கிடைக்கும். மலைநாட்டுத் தேயிலை 1883 முதல் கொழும்பு ஏலத்தின் வழியே உலகுக்குப் போய்க்கொண்டிருக்க, அதைப் பறித்தவர்களின் வீடுகளிலும் இக்கடைகளிலும் நெடுங்காலமாகக் குடிக்கப்பட்டு வந்தது பெரும்பாலும் சலித்து எடுத்தபின் எஞ்சும் தூள்தான்.

இக்கடைவீதிக்கு வணிகத்தைத் தாண்டிய வரலாறும் உண்டு. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது தடைப்பட்டிருந்த காலத்தில், புடவை வியாபாரிக்கு மட்டும் லயத்து வாசல் திறந்திருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் அவ்வியாபாரியின் வேடத்திலேயே தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையை நேரில் அறிந்தார். 1931இல் ஹட்டனில் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியபோது, சம்பள நாளில் கூடும் அதே நகரம் தொழிற்சங்க இயக்கத்தின் களமாகவும் ஆயிற்று. ஹட்டனின் இன்னொரு படைப்பு வங்கி. தோட்டங்களின் பணத்தேவைக்காக 1888இல் இங்கு தொடங்கப்பட்ட சிறிய ஹட்டன் வங்கி, 1970இல் ஹட்டன் நஷனல் வங்கியாக உருமாறி, இன்று கொழும்பில் தலைமையகம் கொண்ட பெரிய தனியார் வங்கிகளில் ஒன்றாக நிற்கிறது. மலையில் விளைந்த செல்வம் கீழிறங்கிய வழியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இரண்டாவது நாட்காட்டி பயணிகளுடையது; மலையகத்தார் அதைச் சீசன் என்ற ஒரே சொல்லால் குறிப்பர். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏப்ரல் மாதம். வெப்பத்திலிருந்து ஓய்வு தேடிய ஆங்கில அதிகாரிகளுக்காக உருவான இந்நகரில், 1873இல் வெட்டப்பட்ட கிரகரி வாவியும், 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பும், செங்கல் நிறத் தபால் நிலையமும் அக்காலத்தை நினைவூட்டி நிற்க, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடைபெறுகின்றன. இவற்றைப் பற்றி வழிகாட்டி நூல்கள் போதிய அளவு எழுதிவிட்டன. அவை அதிகம் பேசாத இடம் பேல் பசார் எனப்படும் குளிராடைச் சந்தை. ஜெர்சி, ஜாக்கெட், கையுறை, குழந்தைகளின் கம்பளித் தொப்பி ஆகியவை சிறு கடைகளில் கூரை வரை தொங்கும். மெல்லிய சட்டையோடு கொழும்பிலிருந்து வந்து இறங்கும் குடும்பம், அறைக்குப் போகுமுன் இச்சந்தைக்குள்தான் நுழைகிறது.

நுவரெலியாவுக்கு வரும் வீதிகளே நீண்ட கடைவீதிகள்தாம். கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக ஏறும் பாதையில் கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவை கழுவிக் கட்டப்பட்டுத் தட்டிக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் பூ விற்கும் சிறுவர்களின் விற்பனை முறை வேறெங்கும் காண அரியது: மேல் வளைவில் வாகனத்தை நோக்கிப் பூச்செண்டை நீட்டும் சிறுவன், வாகனம் நிற்காவிடில் தேயிலைச் செடிகளுக்கிடையேயான செங்குத்துப் பாதையில் இறங்கி ஓடி, அது வளைந்து வருமுன் கீழ் வளைவில் மீண்டும் செண்டோடு நிற்பான். பயணிகள் இதை வேடிக்கையாகப் படமெடுப்பதுண்டு. பள்ளி நேரத்தில் நடக்கும்போது அது வேடிக்கையன்று என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஹட்டனின் சீசன் வேறு. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கான யாத்திரை மார்கழி மாதப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி விசாகத்தை ஒட்டிய வெசாக் பௌர்ணமியில் முடிவடைகிறது. பௌத்தர் புத்தரின் பாதமென்றும், சைவர் சிவனின் பாதமென்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாமின் பாதமென்றும் கருதும் அம்மலைக்கு வருவோர் ஹட்டனில் ரயிலிலிருந்து இறங்கி, பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக அடிவாரத்து நல்லதண்ணிக்குச் செல்வர். சூரியோதயத்தைக் காண இரவிலேயே ஏறுவது வழக்கமாகையால், நல்லதண்ணியில் மட்டுமின்றிப் படிக்கட்டு நெடுகிலும் கடைகள் இரவு முழுவதும் விளக்கெரியத் திறந்திருக்கும்; சூடான தேநீர், வடை, ரொட்டி, கம்பளித் தொப்பி, இனிப்பு வகைகள் ஆகியன நள்ளிரவிலும் விற்பனையாகும். சீசன் முடிந்ததும் பல கடைகள் மூடப்பட்டு, ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் விடப்படுகிறது. வழியிலுள்ள மஸ்கெலியா, 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது இடம்பெயர்க்கப்பட்ட நகரம். நீர் வெகுவாக வற்றும் காலங்களில் பழைய நகரத்து வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தெரிய, அவற்றைக் காணவே மக்கள் கூடுகின்றனர்.

தேயிலைத் தொழிற்சாலையும் இப்போது காட்சிக்குரிய இடமாகிவிட்டது. தோட்டத்து மக்கள் ஸ்டோர் என அழைக்கும் இக்கட்டடங்கள் பல மாடிகளோடும் வரிசை வரிசையான சன்னல்களோடும் அமைந்திருப்பதற்குக் காரணம் உண்டு: பறித்த கொழுந்தை மேல்மாடிகளில் மெல்லியதாகப் பரப்பி, காற்றோட்டத்தில் பல மணி நேரம் வாட்டினால்தான் அதன் ஈரம் குறைந்து, கீழ்த்தளத்து உருளையில் நொறுங்காமல் சுருளும். கந்தப்பளையில் கைவிடப்பட்டிருந்த ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாற்றப்பட்டபோது, கொழுந்து வாடிய அந்த மாடிகளே விருந்தினர் அறைகளாயின. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள, துரைமார் எனப்பட்ட தோட்ட நிர்வாகிகளின் பங்களாக்கள் 2005 முதல் மிக உயர்ந்த கட்டணமுள்ள விடுதிகளாக இயங்குகின்றன. பழைய கட்டடங்களை இடிக்காமல் காத்தமைக்காக இம்முயற்சிகள் பாராட்டுக்குரியவை. ஆயினும் அங்கு தங்குபவர் உணவு முதல் உலா வரை அனைத்தையும் விடுதிக்குள்ளேயே பெற்றுவிடுவதால், அருகிலுள்ள டிக்கோயா, நோர்வூட் கடைக்காரருக்கு அவர் வாகனக் கண்ணாடிக்குப் பின்னே கடந்துபோகும் முகமாகவே இருந்துவிடுகிறார்.

ரயிலிலும் இதுவே நிலை. கொட்டகலைக்கு அப்பால் சென் கிளேயர், டெவன் நீர்வீழ்ச்சிகளைக் காட்டியபடி செல்லும் பாதை உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் ஹட்டனையும் தலவாக்கலையையும் சன்னல் வழியே பார்த்துவிட்டு எல்லவுக்குப் போய்விடுகின்றனர். இவ்வாறு கடந்துசெல்லப்பட்ட ஊர் மீள முடியும் என்பதற்கு வேறொரு நாட்டில் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்திலுள்ள செலிக்மன் என்ற சிற்றூர், 1978இல் புதிய நெடுஞ்சாலை தன்னை ஒதுக்கிச் சென்றதும் வெறிச்சோடிப்போனது. ஊர்க் கடைக்காரர்கள் ஒன்றுகூடி முயன்றதால் 1987இல் அரிசோனா மாநிலம் ஊர் வழியே சென்ற பழைய 66ஆம் இலக்கச் சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்க, பயணிகள் மீண்டும் ஊருக்குள் வந்தனர். தம் வீதியின் வரலாறே விற்பனைக்குரிய சரக்கு என்று அவர்கள் உணர்ந்ததுபோல, ஹட்டன் கடைவீதியும் உணர இடமுண்டு.

அவ்வாறு உணர்ந்த ஒரு முயற்சி ஏற்கெனவே இருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் தோட்ட முன்னோடிகளையும் முன்னிறுத்துகிறது. அதற்கு மாறாக, கம்பளைப் பக்கத்துப் பழைய பீகொக் தோட்டத்தில் 2007இல் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒரு பழைய லயத்திலேயே இயங்கி, தொழிலாளரின் கருவிகள், பாத்திரங்கள், இசைக்கருவிகள், ஆவணங்கள் ஆகியவற்றை அவர்கள் வாழ்ந்த அதே சிறிய அறைகளில் காட்டுகிறது. மலையகம் வரும் தமிழர் ஒவ்வொருவரும் காண வேண்டிய இடம் அது.

லயத்துக் குடும்பமொன்று பயணிகளுக்குத் தேநீர்க்கடையோ தங்குமறையோ தொடங்க விரும்பினால், முதல் தடை முதலீடு அன்று, நிலமே. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும், குடியிருந்தவருக்கு உறுதிப்பத்திரம் கிடைக்கவில்லை. உறுதி இல்லாத இடத்தை ஈடுவைத்து எந்த வங்கியிலும் கடன் பெற முடியாது. 2019இல் ஏப்ரல் சீசனின் நடுவே நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், பின்னர் வந்த பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி, 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலால் ஏற்பட்ட மண்சரிவுகள் என ஒவ்வோர் அடியும், சொந்த நிலமின்றி வாடகைக் கடையிலும் வீதியோரத் தட்டியிலும் பிழைப்பவரையே முதலில் வீழ்த்தியது. அண்மைக்காலத் தனிவீட்டுத் திட்டங்கள் சிலவற்றில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம் ஒதுக்கப்பட்டது. உறுதியும் கையில் சேர்ந்தால், வீதியைப் பார்த்த முன்னறையில் ஒரு தேநீர்க்கடை வைக்க அந்த நிலம் போதும்.