பனிக்குடச் சவ்வின் இரண்டாம் பணி

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைச் சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்து விற்கிறார்கள். குழந்தைகள் அதை விளையாட்டாக அமுக்கும்போது வெடித்துக் கண்ணில் தெறித்துவிடுகிறது. காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும். கருவிழியின் விளிம்பிலுள்ள ஸ்டெம் செல்கள் அழிந்துபோனால், அதன் மேல்தோல் பழையபடி வளராது, பார்வை மங்கிவிடும்.

இப்படிக் கெட்ட கண்ணுக்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் விரேந்தர் சங்வான் குழுவினர் 2012-ல் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவில் விளிம்புத் திசுவை எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்குகளாக்கி, கெட்ட கண்ணின்மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் ஒட்டுகிறார்கள். துணுக்குகளிலிருந்து செல்கள் சவ்வின்மேல் பரவிக் கருவிழியை மூடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் பெருஞ்செலவு இதில் இல்லை. நம் நாட்டு ஏழை நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இத்துறையில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கருவில் குழந்தையைச் சூழ்ந்திருந்த சவ்வுதான் இந்தப் பனிக்குடச் சவ்வு. ரத்தக் குழாய் கிடையாது; அழற்சியைத் தணிக்கும், தழும்பைக் குறைக்கும். தோல் புண்ணுக்கு 1910-லேயே அமெரிக்காவில் பயன்படுத்தினார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி இதைக் காமா கதிரால் கிருமி நீக்கித் தருகிறது.

சவ்வில் இருக்கும் உயிருள்ள செல்கள் இன்னும் பெரிய ஆசையை எழுப்பின. பிறர் செல்லை நம் உடல் எதிர்ப்பது அதன் எச்.எல்.ஏ. அடையாளங்களைக் கண்டுதான். பனிக்குடச் செல்களில் அவை மிகக் குறைவு. 1981-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலுக்கடியில் இச்செல்களை வைத்துப் பார்த்தபோது கடும் எதிர்ப்பு எழவில்லை. 2005-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மிகி, ஸ்ட்ரோம் குழுவினர் இவற்றில் ஸ்டெம் செல் குணங்களைக் கண்டார்கள்.

மரபணு சிகிச்சைக்கு இச்செல்கள் எப்படி உதவும் என்பதை 2001-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. ஸ்லை நோய்க்கூட்டில் ஒரே ஒரு நொதி இல்லாததால் செல்களுக்குள் கழிவு தேங்கி மூளை கெடுகிறது. ஆய்வாளர்கள் அந்த நொதிக்கான மரபணுவை அடினோ வைரஸ் வழியாகப் பனிக்குடச் செல்களுக்குள் செலுத்தி, நோயுற்ற எலிகளின் மூளையில் வைத்தார்கள். செல்கள் நொதியைச் சுரந்தன. அண்டைச் செல்கள் அதை உறிஞ்சிக்கொண்டன. மூளையின் பல பகுதிகளில் தேக்கம் குறைந்தது.

எலியில் நடந்தது இது. மனிதர்களில், இத்தகைய நோயுள்ளவர்களுக்கு மரபணு மாற்றாத பனிக்குடச் செல்களை 1980-களில் பொருத்திப் பார்த்தும் நிலையான பலன் கிட்டவில்லை. அதோடு இச்செல்கள் முடிவின்றிப் பெருகுவதில்லை. அதனால் புற்றுக்கட்டி அச்சம் குறைவு. ஆனால் தேவைக்கேற்பப் பெருக்கிக்கொள்ளவும் முடியாது.

ஆசைக்கும் நிரூபணத்துக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல்லுக்காகச் சேமிக்க அனுமதி உள்ளது தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டும்தான். நஞ்சுக்கொடியையோ பனிக்குடத்தையோ எதிர்காலச் சிகிச்சைக்கென்று கட்டணம் வாங்கிச் சேமிப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திட்டமிட்ட சிசேரியனின்போது முறையான திசு வங்கி கேட்டால், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதித்து அந்தச் சவ்வைத் தானமாகக் கொடுங்கள்.