கருந்துளைக்கும் காய்ச்சல் உண்டு!

உங்களுக்குத் தெரியுமா? ஒளியையே விழுங்கும் கருந்துளை, ரகசியமாக வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது! கணக்குப் போட்டுச் சொன்னவர் ஸ்டீபன் ஹாக்கிங். ஆண்டு 1974!

சூரியன் எடையுள்ள கருந்துளைக்கு எவ்வளவு சூடு? 1 கெல்வினைப் பத்துக் கோடிக் கூறாக்குங்கள். அதில் வெறும் 6 கூறு! சுற்றியுள்ள வெட்டவெளியே 2.7 கெல்வின். அதனால் இப்போதைக்கு அது கக்குவதைவிடக் குடிப்பதே அதிகம்!

அது ஆவியாகித் தீர எத்தனை ஆண்டு? 2 எழுதி, பக்கத்தில் 67 பூஜ்ஜியம் போடுங்கள்! பிரபஞ்சத்தின் வயதோ வெறும் 1,380 கோடி!

அடுப்பு அணைய அணைய ஆறும். இது கரையக் கரையக் கொதிக்கும்! கடைசி 0.1 விநாடியில் மட்டும் 10 லட்சம் ஹைட்ரஜன் குண்டுகளின் ஆற்றல்!

இனிதான் தலை சுற்றும் சேதி. இந்தச் சூடு நிஜமா? யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது! கருந்துளையின் விளிம்புக்குச் சற்று மேலே, ராக்கெட்டை முழுமூச்சாக எரித்தபடி விழாமல் நிற்பவரைச் சூடு பொசுக்கிவிடும். அவர் கண்ணெதிரே எஞ்சினை அணைத்துவிட்டு விழுகிறவருக்கு? கணக்குப்படி ஒன்றுமே தெரியாது! ஒரே இடம். ஒருவருக்குத் துகள் மழை, மற்றவருக்கு வெறும் வெற்றிடம்!

கருந்துளைகூடத் தேவையில்லை! வெற்றிடத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாலே சூடு தெரியும் என்று 1976-ல் காட்டினார் இயற்பியலாளர் வில்லியம் அன்ரூ. 1 கெல்வின் தெரிய வேண்டுமா? வேகம் ஏறும் விகிதம் பூமி ஈர்ப்பைப்போல 2.5 லட்சம் கோடி கோடி மடங்கு இருக்க வேண்டும்!

அப்படியென்றால் துகள் என்பது உண்மையிலேயே அங்கே இருக்கிறதா, பார்ப்பவரைப் பொறுத்து முளைக்கிறதா? இயற்பியலாளர்களும் தத்துவ அறிஞர்களும் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட அழகான சண்டை அறிவியலில் இல்லை!

இன்னொரு சண்டையும் உண்டு! ஒரு நூலகத்தையே கருந்துளைக்குள் போட்டால், கக்கும் வெப்பத்தில் அந்த எழுத்துகள் மிஞ்சுமா? மிஞ்சாது என்றார் ஹாக்கிங். 1997-ல் இயற்பியலாளர் ஜான் பிரெஸ்கிலோடு பந்தயமே கட்டினார்! 2004-ல் டப்ளினில் தோல்வியை ஒப்புக்கொண்டார். கொடுத்த பரிசு? தடிமனான பேஸ்பால் கலைக்களஞ்சியம்! ஹாக்கிங் பக்கம் நின்று பந்தயம் கட்டிய கிப் தோர்னோ அன்று அசையவே இல்லை!

இத்தனைக்கும் கருந்துளை கக்கும் இந்த வெப்பக் கதிர்வீச்சை விண்வெளியில் இதுவரை யாரும் கண்டதில்லை! ஆனால் இஸ்ரேலின் ஹைஃபாவில் ஜெஃப் ஸ்டைன்ஹாவர், ருபிடியம் அணுக்களைக் கடுமையாகக் குளிரவைத்து, ஒலி தப்ப முடியாத குட்டிக் ‘கருந்துளை’யைச் செய்துவிட்டார். அது கக்கிய சூட்டை 2019-ல் அளந்தும் காட்டினார். எவ்வளவு? ஒரு கெல்வினில் நூறு கோடியில் 0.35 பங்கு!