ஐந்தாவதாக வந்தது, முதலாவது ஆயிற்று!

ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில் இருக்கிறது பாகலூர். சுமார் 2,900 அடி உயரமுள்ள ஓசூர்ப் பீடபூமியைச் சேர்ந்த ஊர். சற்றுத் தூரம் போனால் கர்நாடக எல்லை. அந்தப் பக்கத்துக் கோலார், சிக்கபள்ளாப்பூர், பெங்களூர் ஜில்லாக்களில் 'பெங்களூர் நீலம்' என்ற கறுப்புத் திராட்சை விளைகிறது. விரலால் அமுக்கினால் தோல் வேறு, சதை வேறாக வழுக்கிக்கொண்டு வரும். வாசனையோ கூடையைத் திறக்குமுன்பே மூக்கை எட்டிவிடும்.

இந்தப் பழத்தில் ஜூஸ் செய்கிறார்கள். இனிப்பு ஒயினும் செய்கிறார்கள். ஆனால் முப்பது வருஷம் இருட்டறையில் படுக்க வைத்து, பிறகு திறந்து பார்த்து, நிபுணர்கள் தலையை ஆட்டுகிறார்களே, அந்த உயர்ந்த சிவப்பு ஒயினுக்கு இது உதவாது. அதற்குப் பேர்போனது காபர்னே சோவிஞான் என்ற ஜாதி. சிறிய பழம், தடித்த தோல். அந்தத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புச் சத்துத்தான் ஒயினுக்கு ஆயுளைக் கொடுக்கிறது.

புளியும் ஒயினும்

கிருஷ்ணகிரி ஜில்லாக்காரர்களுக்குப் பழம்புளியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுப்புளி நாளாக ஆகக் கறுக்கும். சிவப்பு ஒயின் இதற்கு நேர்மாறு. இளமையில் கருநீலச் சிவப்பாக இருப்பது, வயதானால் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வரும். துவர்ப்புச் சத்தும் நிறச் சத்தும் ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, வண்டலாக அடியில் படியும். நாக்கைப் பிடித்த துவர்ப்பு தணிந்துவிடும்.

வாசனையும் மாறுகிறது. இளம் ஒயினில் பழ வாசனையைச் சொல்லும் விமர்சகர்கள், முதிர்ந்த ஒயினை முகர்ந்துவிட்டு, சீவிய பென்சில், சுருட்டுப் பெட்டி, பழைய தோல், மழைக்குப் பின் முளைத்த காளான் என்று அடுக்குகிறார்கள். சுருட்டுப் பெட்டியை முகர்ந்து பார்க்க இத்தனை செலவா என்று கேட்பவர்களும் உண்டு!

பாரிஸில் நடந்த பரீட்சை

1976-ம் வருஷம் மே 24-ந்தேதி. பாரிஸில் ஒயின் கடை நடத்தி வந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் ஒரு போட்டி வைத்தார். சிவப்பு ஒயின் பத்து: அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து ஆறு, பிரான்சின் போர்தோ பிரதேசத்திலிருந்து நான்கு. லேபிளை மறைத்துவிட்டார்கள். மார்க் போட்டவர்கள் ஒன்பது பேர்; அத்தனை பேரும் பிரெஞ்சுக்காரர்கள், அத்தனை பேரும் அத்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

முடிவு வந்ததும் சபை திகைத்தது. முதலிடம் கலிபோர்னியாவின் 'ஸ்டாக்ஸ் லீப்' 1973-க்கு. பிரான்சின் பெருமைக்குரிய 'மூட்டோன் ரோத்ஷில்ட்' 1970 இரண்டாவது! நடுவரில் ஒருவரான ஒடெட் கான் என்ற அம்மையார், ஒயின் பத்திரிகை ஆசிரியை, தாம் மார்க் போட்ட காகிதத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் உடனே ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். "கலிபோர்னியா ஒயின் இளமையில் மினுக்கும், எங்கள் ஒயின் பொறுமையாக முதிரும். வருஷங்கள் போகட்டும், பிறகு பாருங்கள்" என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதந்தான். போர்தோவின் பெயரும் விலையும் அந்த முதுமையை நம்பியே இருந்தன.

வருஷங்கள் போயின. 1986-ல் நியூயார்க்கில் அதே ஒயின்களைத் திறந்தார்கள். முன்பு எட்டாவதாக வந்த கலிபோர்னியாவின் 'க்ளோ து வால்' 1972 முதலாவதாக வந்தது.

2006-ம் வருஷம், அதே மே 24-ந்தேதி, லண்டனிலும் கலிபோர்னியாவின் நாப்பாவிலும் ஒரே சமயத்தில் மறுபடியும் பரீட்சை. இந்த முறை முதலிடம் 'ரிட்ஜ் மான்ட்டி பெல்லோ' 1971-க்கு. 1976-ல் ஐந்தாவதாக நின்ற ஒயின் அது. அப்போது அதற்கு வயது 35. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே. மூட்டோன் ஆறாவது!

நாக்கை நம்பலாமா?

ஒவ்வொரு முறையும் வரிசை மாறியதைக் கவனிக்க வேண்டும். மாறியது ஒயின் மட்டுமா, நடுவர்களின் நாக்குமா? 2001-ல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியில் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். ஒயின் சாஸ்திரம் படித்த 54 பேர் அதற்குச் சிவப்பு ஒயினின் வர்ணனைகளையே எழுதினார்கள்! ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிபோர்னியாப் போட்டி நடுவர்களுக்கு ஒரே ஒயினை மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர்தான் ஒரே மாதிரி மார்க் போட்டார்கள் என்று 2008-ல் எழுதினார். ஆனாலும் 2006-ல் லண்டன், நாப்பா இரண்டு இடத்திலும் ரிட்ஜே முதலாவதாக வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ரிட்ஜ் தோட்டம் இருப்பதும் மலைமேல்தான். அதன் உச்சிப் பகுதி 2,000 அடிக்கு மேல். பாகலூர்ச் சீமையும் உயரத்தில் குறைந்ததல்ல. இங்கே இல்லாதது குளிர்காலம். அங்கே பனிக்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கும். இங்கே தூங்குவதே இல்லை. இருந்தாலும் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் என்பவர் 1988-ல் பிரெஞ்சு நிபுணர் உதவியோடு தோட்டம் போட்டார். காபர்னே சோவிஞானும் ஷிராஸும் கலந்து, ஓக் மரப் பீப்பாயில் வைத்த 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு ஒயின் அங்கிருந்து வருகிறது. கொடிக்குத் தூக்கம் வராத குறையைக் கத்திதான் தீர்க்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து: மழை ஓய்ந்ததும் ஒன்று வெட்டி, பிப்ரவரி, மார்ச்சில் குலையை அறுத்து, மறுபடியும் வெட்டிவிடுகிறார்கள்.